நெஞ்செரிச்சல் தேநீரில் முதல் பொருளே புதினா: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: எதுக்களிப்புக்கு என விற்கப்படும் மூலிகைத் தேநீரின் சேர்மானம்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நெஞ்செரிச்சலுக்கு இதமானது என்று நீங்கள் விற்கும் மூலிகைத் தேநீரில் 20 பைகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கினேன். ஆறு பைகளைக் குடித்துவிட்டேன். மீதி 14 பைகளை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எதுக்களிப்பு எனக்குப் புதிதல்ல. இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே முடித்து, தலைமாட்டை உயர்த்திப் படுத்து, ஒருவழியாகச் சமாளித்து வந்தேன். உங்கள் தேநீரைத் தொடங்கிய இரண்டாம் இரவே தொண்டைவரை புளித்த நீர் ஏறி, எழுந்து உட்கார்ந்தேன். சாப்பாட்டின்மேல் பழியைப் போட்டு, அளவைப் பாதியாகக் குறைத்தேன். பயனில்லை. ஆறாம் இரவு தூக்கம் கெட்டுப்போய் உட்கார்ந்திருந்தபோதுதான் பெட்டியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியது.

சேர்மானப் பட்டியல் அடிப்பக்க மடிப்புக்குள் பாதி ஒளிந்திருக்கிறது. நகத்தால் பசையைப் பிரித்துத்தான் படிக்க முடிந்தது: மிளகுப் புதினா, அதிமதுரம், செம்பருத்தி, இஞ்சி, சீமைச்சாமந்தி, சிட்ரிக் அமிலம். எடையில் கூடியதை முதலில் எழுதுவதுதான் வழக்கம். அப்படியானால் நான் ஆறு இரவுகளாகக் குடித்ததில் மற்ற எதையும்விடக் கூடுதலாக இருந்தது புதினாதான்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. அது இறுக்கமாக மூடியிருந்தால் அமிலம் மேலே வராது. புதினா அந்தத் தசையைத் தளர்த்தக்கூடியது. குடல் பிடிப்புக்குக் கொடுக்கும் புதினா எண்ணெய் மாத்திரைக்கு, இரைப்பையில் கரையாத மேலுறை போடுவதற்கு நெஞ்செரிச்சல் வராமல் தடுப்பதும் ஒரு காரணம். மாத்திரை செய்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி, இதையே தொழிலாகக் கொண்ட உங்களுக்குத் தெரியாதா? என் தொல்லைக்குப் புதினாதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் தேநீரை நிறுத்தியதும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதிமதுரம் இன்னொரு கவலை. அதிலுள்ள கிளிசிரைசின், தொடர்ந்து உட்கொண்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். அதை நீக்கிய அதிமதுரமும் கிடைக்கிறது. நீங்கள் சேர்ப்பது எது என்று பெட்டியில் இல்லை. நான் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவன். "தினமும் மூன்று கோப்பை" என்று அச்சிட்டவர்கள், என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வரி எச்சரிக்கை சேர்த்திருக்கலாம். செம்பருத்தியின் புளிப்பு போதாதென்று சிட்ரிக் அமிலம் வேறு! இந்தத் தொல்லைக்குப் பலர் நாடும் சீமைச்சாமந்தியையும் சிறிதளவு இஞ்சியையும் பட்டியலின் கடைசிப் பக்கம் தள்ளிவிட்டீர்கள்.

தொலைபேசியில் பேசிய உங்கள் பணியாளர், "தொடர்ந்து குடித்தால் உடம்புக்குப் பழகிவிடும்" என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் பதிலை அவருக்கு எழுதிக் கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி.

பெட்டிக்கான முழுத் தொகையைத் திருப்பித் தாருங்கள். அதிமதுரம் எந்த வகை என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். புதினாவை நீக்குங்கள், இல்லையேல் பெட்டியின் முகப்பிலிருந்து "நெஞ்செரிச்சல்" என்ற சொல்லை எடுங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் செல்வேன். பசை பிரித்த அந்த மடிப்பின் படத்தையும் ரசீதையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்