வேகமாக வந்தது எந்தப் பக்கம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இணையதளங்களின் வேகம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தானாக ஓடும் சோதனை ஒன்றை வைத்துவிட்டால் தளம் மந்தமாகும்போது உடனே தெரிந்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். 12 ஆண்டுகளாக அந்தச் சோதனைகளை எழுதியே பிழைக்கிறவன் நான். தெரியும்தான், ஆனால் சோதனை சரியான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அது எப்படித் தவறும் என்று கேட்பவர்களுக்கு நான் பட்ட பாட்டையே சொல்கிறேன். ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட், அதாவது கணினி வரிசையாகச் செய்ய வேண்டியவற்றின் பட்டியல், மணிக்கு ஒருமுறை ஓடும். தளத்தைத் திற, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடு, பொத்தானை அழுத்து, அடுத்து வரும் கணக்குப் பக்கம் எத்தனை விநாடியில் வந்தது என்று குறித்துக்கொள். இவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தால், 4 விநாடியில் நின்றுகொண்டிருந்த எண் 1.1-க்கு இறங்கியிருந்தது. முந்தைய வாரம்தான் படங்களை எல்லாம் சுருக்கிப் போட்டிருந்தார்கள். அதன் பலன் என்றே எல்லோரும் நினைத்தோம். குழுவில் கைதட்டல் பொம்மைகள் வரிசைகட்டின. நானும் இரண்டு போட்டேன்.

மூன்று வாரம் கழித்து வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது பக்கவாட்டில் இருந்த இன்னொரு எண் கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்துக்காக பிரவுசர் அனுப்பும் ரிக்வெஸ்டுகள், அதாவது ஒவ்வொரு படத்தையும் கோப்பையும் கேட்டுப் பெறும் கோரிக்கைகள், எப்போதும் 84 இருக்கும். இப்போது 9. படத்தைச் சுருக்கினால் எடை குறையும், எண்ணிக்கை ஏன் குறைய வேண்டும்? ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்தேன். வெள்ளைத் திரை, நடுவில் ஒரு வரி: ‘உங்கள் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது, மாற்றவும்.’ சோதனைக்கென்று வைத்திருந்த கணக்குக்கும் 90 நாள் கெடு உண்டு என்பது யாருக்கும் நினைவில்லை. அந்தப் பக்கம் உண்மையிலேயே வேகமாகத்தான் வந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

சர்வரையும் குறை சொல்ல முடியாது. கேட்டதற்கு 200 என்று பதில் சொன்னது. ‘எல்லாம் சரி’ என்பதற்கான குறியீடு அது. இப்படி மாற்றுப் பக்கத்தைக் காட்டும்போதும் 200 என்றே சொல்லும் தளங்கள் ஏராளம். பிழை என் ஸ்கிரிப்டில். எங்கே வந்து நிற்கிறோம் என்று அது ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஸ்கிரிப்டுக்குள் நிபந்தனை வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ‘இது வந்தால் இப்படிச் செய், இல்லையென்றால் அப்படிச் செய்.’ கருவிகளில் இதற்கு வசதி இல்லாமல் இல்லை. தளத்தின் தாங்குதிறனைச் சோதிக்கும் ஜேமீட்டர் என்ற கருவியில் ‘இஃப் கன்ட்ரோலர்’ என்றே ஒன்று இருக்கிறது. பேட்ரிக் மீனன் உருவாக்கி 2008-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட வெப்பேஜ்டெஸ்ட் என்ற வேகச் சோதனைக் கருவியில் இஃப் (இப்படி இருந்தால்), எல்ஸ் (இல்லையென்றால்), எண்ட்இஃப் (நிபந்தனை முடிந்தது) என்று மூன்று கட்டளைகள். எத்தனையாவது ஓட்டம், பக்கம் முதல்முறை திறக்கிறதா அல்லது கேஷ் (பிரவுசர் சேமித்து வைத்துக்கொள்ளும் பிரதிகள்) நிறைந்த பிறகு மறுமுறை திறக்கிறதா என்பதை வைத்து அவை பாதையைப் பிரித்துவிடும். குக்கீக்கு (தளம் நம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்புக்கு) சம்மதம் கேட்டுத் திரையை மறைக்கும் பேனரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்முறை வருபவருக்குத்தான் அது வரும். சம்மதம் சொன்னவர் மறுபடி வந்தால் வராது. நிபந்தனை இல்லாத ஸ்கிரிப்ட் இரண்டாவது தடவையும் அந்தப் பொத்தானைத் தேடி விழிக்கும். சோதனை தோற்றுப்போகும், தளத்தின் மேல் ஒரு குற்றமும் இருக்காது.

சரி, இஃப் போட்டுவிட்டால் போதுமா? போதாது. தப்பாகப் போட்ட இஃப், இல்லாததைவிட மோசம். ஒரு முறை என்னிடம் வந்த ஸ்கிரிப்டில் ‘3 விநாடிக்கு மேல் போனால் மறுபடி ஓட்டு’ என்று எழுதியிருந்தது. எழுதிய தம்பி நல்ல பையன், கள்ளத்தனம் எதுவும் இல்லை. நெட்வொர்க் அவ்வப்போது சறுக்குகிறது, அதற்காக என்றான். ஆனால் மெதுவாக வந்ததை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துவைத்தால் அது என்ன அளவு? கட்டுரையில் சொன்ன 2.5 விநாடி கணக்கே, பக்கத்தின் முக்கியப் பகுதி உண்மையான வருகைகளில் 75 சதவீதத்துக்கு அந்த நேரத்துக்குள் தெரிய வேண்டும் என்பதுதான். பச்சை விளக்கு எரியும்வரை திரும்பத் திரும்ப ஓட்டிவிட்டு அந்த 2.5-ஐ எட்டிவிட்டோம் என்று சொல்லக்கூடாது.

என் கட்சி இதுதான்: நிபந்தனை, எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று கேட்கலாம். எவ்வளவு நேரமானது என்று கேட்கக் கூடாது. பேனரை மூடுவது, லாகின் செய்வது போன்ற ஆயத்த வேலைகளையும் அளவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். வெப்பேஜ்டெஸ்டில் அதற்கு லாக்டேட்டா என்ற கட்டளை இருக்கிறது. 0 கொடுத்தால் பதிவு நிற்கும், 1 கொடுத்தால் மறுபடி தொடங்கும். அப்புறம் அந்த எல்ஸ் பகுதி. பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். எதிர்பாராத பக்கம் வந்தால் ஸ்கிரிப்ட் கத்த வேண்டும், ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு ஓசையில்லாமல் நகர்ந்துவிடக் கூடாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவு வெளியாகும் நாளிலோ டிக்கெட் முன்பதிவு தொடங்கும் நாளிலோ ஒரு தளம் படுத்துவிட்டு, ‘எங்கள் சோதனைகள் எல்லாம் தேறியிருந்தன’ என்று அதை நடத்துபவர்கள் சொன்னால், உங்கள் நிருபர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: அந்தச் சோதனை எடுத்த கடைசி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்ட முடியுமா? ‘சற்றுக் காத்திருக்கவும்’ என்ற பக்கம்கூட மின்னல் வேகத்தில் வரக்கூடியதுதான்.

என் ஸ்கிரிப்டைத் திருத்தி ஓட்டியபோது கணக்குப் பக்கம் 3.6 விநாடி எடுத்தது. படங்களைச் சுருக்கியதில் கொஞ்சம் பலன் இருக்கத்தான் செய்தது. அந்த எண்ணை அதே குழுவில் போட்டேன், காரணத்தோடு. கைதட்டல் ஒன்றுகூட வரவில்லை.

இப்படிக்கு,
இணையதள வேகச் சோதனை எழுதும் ஒரு வாசகன்