டாமி என்ற நாய் எங்கள் வகுப்பில் யாரிடமும் இல்லை

ஆரம்ப வகுப்புகளுக்கான ஆங்கில வாய்மொழித் தேர்வை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

நீங்கள் அனுப்பும் கேள்வி-பதில் தாளைப் பற்றி உங்களுக்கே நான் விளக்கத் தேவையில்லை. கேள்வியும் உங்களுடையது, பதிலும் உங்களுடையது. பிள்ளைகளின் வேலை ஒப்பிப்பது, என் வேலை ஒப்பிக்க வைப்பது. முணுமுணுத்துக்கொண்டே அதைச் செய்து வந்தேன். இந்த முறை நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாம் வகுப்புத் தேர்வு. வந்திருந்த தேர்வாளர் தாளைப் பார்த்துக் கேட்கிறார்: ‘டூ யூ ஹேவ் எ பெட்?’ தாளில் உள்ள பதில், ‘யெஸ், ஐ ஹேவ் எ டாக். இட்ஸ் நேம் இஸ் டாமி.’ அதுவரை வந்த பிள்ளைகள் எல்லாரும் அதையே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நாயே இல்லாத வீடுகளில் எல்லாம் டாமி. அடுத்து வந்த பெண் கொஞ்சம் யோசித்தாள். ‘நோ’ என்றாள். அப்புறம் அவரை நிமிர்ந்து பார்த்து, ‘டூ யூ?’ என்று கேட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ‘டூ யூ ஹேவ் எ பெட்?’ என்று முழுசாகத் திருப்பிக் கேட்காமல், வேண்டிய இரண்டு சொல்லை மட்டும் எடுத்துக் கேட்க ஏழு வயதில் வந்துவிட்டது என்றால், அந்தக் குழந்தைக்கு ஆங்கிலம் பிடிபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். மதிப்பெண் தாளில் எழுதியிருந்தது இது: ‘பதில் மாதிரிப்படி இல்லை. தேர்வாளரிடம் எதிர்க்கேள்வி கேட்டார்.’ அந்தக் கேள்விக்கு மதிப்பெண் பூஜ்யம்.

தேர்வாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் தாளில் இருப்பதைத்தான் அவர் செய்தார். என் கோரிக்கை தாளை எழுதியவர்களிடம்: பிள்ளைகள் பதில் சொல்வதை மட்டும் அல்ல, கேள்வி கேட்பதையும் சொல்லிக் கொடுக்க விடுங்கள். தேர்விலும் அதற்கு மதிப்பெண் ஒதுக்குங்கள்.

வினா ஆறு வகை என்று நன்னூல் சொல்வதை நாம் எல்லாரும் பள்ளியில் படித்தவர்கள்தான். பதில் தெரிந்தவர் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவரைக் கேட்பதை அதற்கு உதாரணம் சொல்வார்கள். தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. உங்கள் தாளில் முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை எல்லாமே அறிவினா. என் பெயர் எனக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும், பெயர்ப்பட்டியல் அவர் கையிலேயே இருக்கிறது. அப்புறம் எதற்காக ஒரு குழந்தை வாயைத் திறக்க வேண்டும்? அன்று அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே அறியா வினா, அந்தப் பெண் கேட்டதுதான். தேர்வாளர் வீட்டில் நாய் இருக்கிறதா என்று அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

அதே நன்னூல் பதிலை எட்டு வகையாகப் பிரிக்கிறது. ‘விளையாட வருகிறாயா?’ என்றால் ‘கால் வலிக்கிறது’ என்று சொல்வதும் பதில்தான். நீங்களோ ‘ஹவ் மெனி பென்சில்ஸ்?’ என்றால் ‘த்ரீ’ என்பதைப் பதிலாக ஏற்பதில்லை. ‘தேர் ஆர் த்ரீ பென்சில்ஸ் ஆன் த டேபிள்’ என்று நீட்டி முழக்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை ‘த்ரீ’ என்றுதான் சொல்லும். அது உங்கள் தேர்வில் தோற்றுவிடும் என்பதை நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

கேள்வி கேட்பது பதில் சொல்வதைவிடக் கடினம் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. தமிழில் ‘நீ எங்கே போகிறாய்?’ என்பதில் ‘எங்கே’ தன் இடத்திலேயே இருக்கும். ‘வருவாய்’ என்பதன் கடைசியில் ஓர் ‘ஆ’ சேர்த்து ‘வருவாயா’ என்றால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் கேள்விச் சொல் முன்னால் ஓட வேண்டும், ‘இஸ்’, ‘ஆர்’, ‘கேன்’ போன்ற துணைவினை எழுவாயைத் தாண்டிக் குதிக்க வேண்டும், துணைவினை இல்லாவிட்டால் எங்கிருந்தோ ஒரு ‘டூ’ வந்து நிற்க வேண்டும். ஆங்கிலமே தாய்மொழியான குழந்தைகளுக்கும் இது ஒரே நாளில் வருவதில்லை. 1960களில் ரோஜர் பிரவுன், அர்சுலா பெல்லுகி முதலான ஆய்வாளர்கள் மூன்று குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். சொற்களை இடம் மாற்றாமல் கேள்வி கேட்கும் கட்டம் அந்தக் குழந்தைகளுக்கும் இருந்தது. அப்படியானால் என் வகுப்புப் பையன் ‘வேர் யூ ஆர் கோயிங்?’ என்று கேட்பது தவறு மட்டும் இல்லை, பாதி வழி வந்துவிட்டான் என்பதற்கு அடையாளமும்கூட. தாளில் கேள்விக்கே இடம் இல்லாதபோது அந்த வழியில் அவன் எப்போதுதான் நடப்பது?

வகுப்பில் நான் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. துணிப்பைக்குள் ஒரு பொருளைப் போட்டு வைப்பேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டு அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். ‘இஸ் இட் பிக்?’, ‘கேன் யூ ஈட் இட்?’ என்று ஆரம்பிக்கும். வாரக்கணக்கில் வாயே திறக்காத ஒரு பையன் ஒருநாள் பையைத் தொடப் பயந்துகொண்டு ‘இட் பைட்?’ என்றான். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். ‘டஸ் இட் பைட்? நோ, இட் டஸ்ன்ட் பைட்’ என்றேன். அதற்கு மேல் திருத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் வேறொரு குழந்தை ‘டஸ் இட் ஜம்ப்?’ என்று கேட்டது. பைக்குள் இருந்தது ஒரு சீப்பு. ‘டஸ்’ எப்போது வரும் என்ற விதியை அன்று நான் விளக்கவே இல்லை.

தேர்வு நெருங்கியதும் பை அலமாரிக்குள் போய்விடும், டாமி வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, நேரம். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே காட்டினார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின, பிள்ளைகள் தாங்களாகக் கேள்வி கேட்பதும் கூடியது. அது தாய்மொழியிலேயே படிக்கும் வகுப்புகளில் கண்டது. இரண்டாவது மொழியில் யோசிக்கும் குழந்தைக்கு இன்னும் கூடுதலாகத்தானே வேண்டும்? உங்கள் குறிப்பில் ‘தயங்கினால் மதிப்பெண் குறைக்கவும்’ என்று இருக்கிறது. யோசிக்கிற குழந்தைக்கு அபராதம், யோசிக்காமல் ஒப்பிக்கிற குழந்தைக்குப் பரிசு.

சரி, பிள்ளைகளை விடுங்கள். எங்களையே யார் கேள்வி கேட்க விடுகிறார்கள்? பயிற்சிக் கூட்டங்களில் நாள் முழுக்க நீங்கள் பேசுவீர்கள். எல்லாரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழும் நேரத்தில் ‘எனி டவுட்ஸ்?’ என்று ஒரு குரல் வரும். யாராவது கை தூக்கினால் மற்றவர்கள் முறைப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு வருகைப் பதிவு, புகைப்படம், படிவம் எல்லாம் சரியாக இருக்கும், பதில் மட்டும் இருக்காது. கேள்வி கேட்டுப் பழகாத ஆசிரியர்களைக் கொண்டு கேள்வி கேட்கும் பிள்ளைகளை வளர்ப்பது எப்படி என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலும் அனுப்புவீர்கள்.

மன்னிக்கவும், மடல் வேறு பக்கம் போய்விட்டது. கேட்க வந்ததைத் தாழ்மையுடன் கேட்டுவிடுகிறேன். வாய்மொழித் தேர்வில் பாதி மதிப்பெண்ணைக் குழந்தை கேட்கும் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். ஒரு படத்தையோ பொருளையோ மறைத்து வைத்துக்கொண்டு, தேர்வாளரிடம் கேட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும், செலவே இல்லை. இலக்கணம் தவறினாலும் கேள்வி புரிந்தால் மதிப்பெண் கொடுங்கள். ஒரு சொல்லில் பதில் வந்தாலும், அது உண்மையான பதிலாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். தயக்கத்துக்கு மதிப்பெண் குறைக்கும் வரியை எடுத்துவிடுங்கள். மாதிரிப் பதில்களை அச்சிடாமல் விட்டால் காகிதமும் மிச்சம்.

அடுத்த பருவத்துக்கான தாள் அச்சுக்குப் போவதற்குள் இதைச் செய்ய முடியுமா? முடியாது என்றால், என்ன தடை என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தாள் தயாரிக்க எங்களைப் போன்றவர்களின் உதவி வேண்டுமென்றால் விடுமுறை நாளிலும் வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு ஆங்கில ஆசிரியை