சார்ஜருக்கு முன்னால் ஒயரைப் பார்

அன்புள்ள சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். மின்சாரக் காருக்குப் பதிவு செய்துவிட்டதாக நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மிகவும் மகிழ்ந்தேன். எங்கள் வண்டி வந்து, வீட்டில் சார்ஜரும் பொருத்தியாகிவிட்டது; இரவு நிறுத்தியதும் செருகுவதும் காலையில் கழற்றுவதும் இப்போது பழக்கமாகிவிட்டன. எந்த சார்ஜரை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அதைப் பிறகு சொல்கிறேன். சுவரில் மாட்டும் பெட்டி எந்தக் கம்பெனியுடையது என்பதைவிட, மெயின் போர்டிலிருந்து அது வரை போகும் ஒயரும், அந்த ஒயரின் இரு முனைகளும், எர்த்தும் எப்படி இருக்கின்றன என்பதுதான் பல மடங்கு முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உண்மையில் அந்தப் பெட்டி பாட்டரியை சார்ஜ் செய்வதில்லை. வீட்டுக்கு வரும், திசை மாறி மாறிப் பாயும் ஏசி மின்சாரத்தை, ஒரே திசையில் பாயும் டிசியாக மாற்றிப் பாட்டரிக்கு ஏற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் இருப்பது, காரோடு பேசிச் சம்மதம் வாங்கிய பிறகே மின்சாரத்தைத் திறந்துவிடும் ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச். அந்தப் பேச்சு கேபிளில் தனியாக ஓடும் ஒரு மெல்லிய கம்பியில் நடக்கிறது. வண்டி செருகப்படாதபோது அதில் 12 வோல்ட் இருக்கும். செருகியதும் 9 வோல்ட்டாக இறங்கும். கார் தயாரானதும் 6 வோல்ட்டாகும். அப்போதுதான் பெட்டிக்குள் இருக்கும் கான்டாக்டர் என்ற தானியங்கி ஸ்விட்ச் 'டக்' என்று மூடி மின்சாரத்தை விடும். எவ்வளவு ஆம்பியர் வரை இழுக்கலாம் என்பதையும் அதே கம்பியில் நொடிக்கு 1000 முறை துடிக்கும் அலையின் அகலமே சொல்கிறது: ஒவ்வொரு துடிப்பிலும் அது உயர்ந்து நிற்கும் நேரம் 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர், 50 சதவீதம் என்றால் 30 ஆம்பியர். இவ்வளவு எளிய ஏற்பாட்டில் இத்தனை பாதுகாப்பா என்று எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஆனால் இந்தக் காவல் எல்லாம் பெட்டிக்கும் காருக்கும் இடையில்தான். பெட்டிக்குப் பின்னால் சுவருக்குள் நடப்பதை அது அறியாது.

அங்கேதான் கவனம் வேண்டும். ஒருவர் என்னிடம், வாட்டர் ஹீட்டருக்குப் போகும் லைனிலிருந்தே இழுத்துக்கொள்ளலாம், அதுவும் பெரிய லோடுதானே என்றார். ஹீட்டர் சிறிது நேரம் ஓடி, தண்ணீர் சூடானதும் தானே நின்றுவிடும், ஒயரும் ஆறிவிடும். கார் அப்படியல்ல. 7.4 கிலோவாட் பெட்டி, 230 வோல்ட்டில் 32 ஆம்பியரை ஆறேழு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கக்கூடியது. வீட்டில் வேறு எந்தச் சாதனமும் ஒரு ஒயரிடம் இவ்வளவு கனமான உழைப்பை இவ்வளவு நீண்ட நேரம் கேட்பது அரிது. ஆகவே சார்ஜருக்கென்று மெயின் போர்டிலிருந்தே தனி லைன் வர வேண்டும்; அதில் வேறு எதையும் கோக்கக் கூடாது. 32 ஆம்பியர் லோடுக்கு 40 ஆம்பியர் எம்சிபி, அதாவது அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே துண்டிக்கும் பிரேக்கர், போடுவது நல்ல வழக்கம். அப்படிப் போட்டால், ஒயரும் அது படுத்திருக்கும் இடத்திலேயே குறைந்தது 40 ஆம்பியரைத் தாங்க வேண்டும்.

'படுத்திருக்கும் இடத்திலேயே' என்பதை நீ அழுத்திக் கேட்க வேண்டும். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் திறந்த சுவரில் காற்றுப் படப் போனால் 40 ஆம்பியரைத் தாங்கிவிடும். அதையே குழாய்க்குள் மற்ற ஒயர்களோடு நெருக்கி, வெயில் அடிக்கும் சுவருக்குள் புதைத்தால் அதன் தாங்கும் திறன் 40-க்குக் கீழே இறங்கிவிடலாம். தூரத்தையும் கணக்கில் எடு. மெயின் போர்டிலிருந்து 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் முழு லோடில் ஏறக்குறைய 7 வோல்ட் வழியிலேயே குறையும். சுமார் 220 வாட் வெறும் சூடாகப் போகும். 10 சதுர மில்லிமீட்டர் ஒயரானால் இழப்பு 4 வோல்ட்டுக்குச் சற்று மேல், சூடு 135 வாட் அளவில் நின்றுவிடும். எங்கள் வீட்டில் ஒயர் குழாய் வழியாகப் போவதால் எலக்ட்ரீஷியன் 10 தான் போட வேண்டும் என்றார். நானும் மறுபேச்சுப் பேசவில்லை. பெட்டியைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், சுவருக்குள் போன ஒயரை மாற்றுவது பெரிய வேலை.

அடுத்தது முனைகள். இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை; எனக்கோ இதுவே எல்லாவற்றிலும் பெரிய கவலை. ஒரு ஸ்க்ரூ சரியாக இறுகாமல், அந்த இணைப்பில் 0.05 ஓம் தடை இருப்பதாக வை. 5 ஆம்பியர் ஓடும்போது அங்கே ஒன்றேகால் வாட் சூடுதான், யாருக்கும் தெரியாது. 32 ஆம்பியர் ஓடும்போது அதே இடத்தில் 51 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்கிவிடும் என்பது நமக்குத் தெரியும். அதைப் போல இரு மடங்கு சூட்டை ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள், இரவு முழுவதும், எல்லோரும் தூங்கும்போது வைத்திருப்பதை நினைத்துப் பார். எங்கள் எலக்ட்ரீஷியன் ஒயரின் இழைகள் ஒன்றுகூட வெளியே பிரியாதபடி முனையில் லக் என்ற உலோகக் குப்பி வைத்து நசுக்கி இறுக்கினார். பிறகு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, எம்சிபி தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இறுக்கி, ஒயரைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். அந்தக் கருவி இல்லாமல் 'கை அளவு தெரியும்' என்று சொல்பவரை இந்த வேலைக்கு வைக்காதே. சில வாரம் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை முனைகளைப் பார்க்கச் சொல். சூட்டில் விரிந்து சுருங்கும் இணைப்புகள் இளகக்கூடும்.

கசிவு மின்சாரத்தைப் பிடிக்கும் ஆர்சிசிபி விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 30 மில்லியாம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கினால் போதாது. காருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் கருவி இருப்பதால், பழுது ஏற்பட்டால் டிசி கசிவும் வரலாம். சாதாரண ஆர்சிசிபிக்குள் கசிவை உணரும் இரும்பு வளையம் சீரான டிசியை உணராது. அதைவிட மோசமாக, அந்த டிசியால் வளையம் திணறி, உயிரைக் காக்க வேண்டிய ஏசி கசிவையும் உணராமல் போகலாம். அதாவது ஆர்சிசிபி அங்கே இருந்தும் இல்லாததுபோல. எனவே 6 மில்லியாம்பியர் டிசி கசிவைக் கண்டதும் துண்டிக்கும் வசதி பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்று கேள். இருந்தால் வெளியே 'ஏ' வகை ஆர்சிசிபி போதும். இல்லையென்றால் விலை கூடுதலான 'பி' வகைதான் வேண்டும். ஏசி கசிவை மட்டுமே உணரும் பழைய 'ஏசி' வகையை எந்த நிலையிலும் ஏற்காதே.

எர்த்தைத் தனியாகச் சோதிக்கச் சொல். காரின் உலோக உடல் சார்ஜ் ஆகும்போது கேபிள் வழியே எர்த்தோடு இணைந்திருக்கிறது. மழையில் நனைந்த தரையில் நின்றுகொண்டு கதவைத் தொடும் குழந்தையை அந்த ஒரு கம்பிதான் காக்கிறது. தெருவிலிருந்து வரும் லைனில், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாக வரும் வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு: அந்தக் கம்பி வெளியே எங்காவது அறுந்தால் காரின் உடலிலேயே மின்சாரம் ஏறிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் சார்ஜருக்குத் தனி எர்த் குழி வேண்டும், அல்லது அந்தப் பழுதைக் கண்டு துண்டிக்கும் வசதி பெட்டியில் இருக்க வேண்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பெரிய பெட்டியாக, 22 கிலோவாட் மூன்று பேஸில் வாங்கிவிடலாமா என்கிறாய். காருக்குள் இருக்கும் கருவி 7 கிலோவாட் மட்டுமே எடுக்குமானால், வெளியே 22 இருந்தாலும் 7 தான் ஏறும். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறாய் என்று வைத்துக்கொள். யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அதற்கு ஆறேழு யூனிட் போதும். 7.4 கிலோவாட் பெட்டி ஒரு மணி நேரத்திற்குள் அதைக் கொடுத்துவிடும், 3.3 கிலோவாட்டே இரண்டு மணி நேரத்தில் கொடுத்துவிடும். பெரிய பெட்டிக்குச் செலவழிக்க நினைத்ததை ஒயருக்கும் எர்த்துக்கும் செலவழி என்பேன். பெட்டியில் நான் பணம் கொடுத்துக் கேட்டு வாங்கியது ஒரே ஒரு வசதி: மெயின் லைனில் மாட்டிய ஒரு கிளாம்ப் வீட்டின் மொத்த ஆம்பியரை அளந்துகொண்டே இருக்கும், ஏர்கண்டிஷனரும் ஹீட்டரும் ஒன்றாக ஓடும்போது, முதலில் சொன்ன அந்த அலையின் அகலத்தைக் குறைத்து, காரைக் குறைவாக இழுக்கச் சொல்லும். 6 ஆம்பியருக்குக் கீழே போக வேண்டி வந்தால் சார்ஜிங்கை நிறுத்திவைத்துப் பிறகு தொடரும். மெயின் பிரேக்கர் நள்ளிரவில் விழுந்து வீடு இருளாவது இதனால் மிச்சம்.

மாட்டும் இடத்தைக் காரின் சார்ஜ் துளை எந்தப் பக்கம் என்று பார்த்து முடிவு செய். கேபிள் நடைபாதையைக் கடக்காமலும், இழுபட்டு நிற்காமலும் இருந்தால் சரி. வெளியே மாட்டுவதானால் மழைக்கு ஏற்ற பெட்டிதானா என்று பார்த்து, நேர் வெயில் படாத சுவரைத் தேர்ந்தெடு. வண்டியோடு வரும் சிறு சார்ஜரைத் தற்காலிகமாகப் பயன்படுத்தினாலும் எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஒருபோதும் செருகாதே. சுருட்டி வைத்த ஒயரில் சூடு வெளியேற வழியே இல்லை.

மெயின் போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை ஒயர் போகும் வழியை டேப் வைத்து அளந்து, மெயின் பிரேக்கர் எத்தனை ஆம்பியர், குழாயில் ஏற்கெனவே எத்தனை ஒயர்கள் போகின்றன என்பதையும் குறித்து எனக்கு எழுது. எலக்ட்ரீஷியன் எழுதித் தரும் சாமான் பட்டியலையும் சேர்த்து அனுப்பினால், நீ பணம் கொடுப்பதற்கு முன் வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்
ராமநாதன்