காபிக்காட்டை இப்போது விற்க வேண்டாம்

வின்னிபெக்,
மாசி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் இங்கே நலம். நீங்கள், ஆயா, சின்னவன், பாப்பா எல்லோரும் நலமா? சேலத்து மாமாவின் மகன் கொண்டுவந்த பையில் மிளகுப் பொட்டலத்துக்கும் காபித்தூளுக்கும் நடுவில் அப்பாவின் கடிதம் இருந்தது. பையைப் பிரித்ததும் அறை முழுக்க நம் வீட்டு அடுக்களை வாசனை. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சின்னவன் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அம்மா கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். இங்கே குச்சிக்கிழங்குகூடக் கிடைக்கிறது. கோஸ்டாரிகா என்ற நாட்டிலிருந்து வருகிறது. கெடாமல் இருக்க மேலே மெழுகு பூசியிருப்பார்கள். தோலைச் சீவும்போது மெழுகு சுருள் சுருளாகக் கத்தியில் ஒட்டும். உள்ளே அதே வெள்ளை, நடுவில் அதே நரம்பு. உப்புப் போட்டு வேகவைத்து, பச்சை மிளகாயும் தேங்காயும் தாளித்துப் போட்டேன். ஆத்தூர்ப் பக்கத்துக் கிழங்கு மாதிரி மாவாக உதிரவில்லை. ஆனாலும் பாத்திரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. கேழ்வரகு மாவும் வாங்கி வைத்திருக்கிறேன். களி கிண்டத்தான் கை வரவில்லை. ஒரு ஆளுக்குக் களி கிண்டினால் அது களி மாதிரியே இல்லை.

குளிரைப் பற்றி ஆயா கேட்டாராம். மார்கழி விடியலில் மஞ்சக்குட்டையில் அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பை விட்டு நகர மாட்டாரே, அந்தக் குளிர் இங்கே இலையுதிர் காலத்திலேயே வந்துவிடும். ஜனவரியில் சுழியத்துக்குக் கீழே 30 டிகிரி. ராத்திரி காரை நிறுத்தினால் அதிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கரண்டில் சொருக வேண்டும். எஞ்சினைச் சூடாக வைக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. ஊருக்கு நடுவில் ஓடும் ஆறு கெட்டியாக உறைந்து, அதன் மேல் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். டிசம்பரில் நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. ஞாயிற்றுக்கிழமையும் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அறையில் உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

எதிர் வீட்டுத் தாத்தாவைப் பற்றிப் போனில் சொன்னேன் அல்லவா? விசித்திரமான மனிதர். விடியும் முன்பே எழுந்து, தன் வாசலை விட்டுவிட்டு எங்கள் படிக்கட்டில் கிடக்கும் பனியைத்தான் முதலில் வாரிப் போடுவார். நன்றி சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நம் காபியைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இது எந்த ஊர்க் காபி என்று கேட்டார். 1820 வாக்கில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை எங்கள் ஏற்காட்டு மலைக்குக் கொண்டுவந்த பயிர் என்று சொன்னேன். அவருடைய தாத்தா அதற்கெல்லாம் வெகுகாலத்துக்குப் பிறகுதான் உக்ரைனிலிருந்து இந்தச் சமவெளிக்கு உழ வந்தாராம். "உங்கள் செடி எங்களுக்கு மூத்தது" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து வாசலில் பார்த்தால் தலையாட்டுகிறார்.

இப்போது சின்னவன் விஷயம். காபி போட்டிருக்கும் கீழ்க்காட்டை விற்று, அந்தப் பணத்தை முகவரிடம் கட்டி, அவனும் இங்கே வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அவன் வர ஆசைப்படுவதில் எனக்கும் ஆசைதான் அப்பா. வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை. அதனாலேயே யோசித்துச் சொல்கிறேன்: இந்த வருஷம் விற்க வேண்டாம்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். கோதுமைக்காடு வைத்து வாழ்ந்தவர். கணவர் போன துக்கம் ஆறுவதற்குள் யாரோ சொன்னார்கள் என்று கையெழுத்துப் போட்டுக் காட்டைக் கொடுத்துவிட்டார். விற்றதைக் குறை சொல்ல மாட்டார். பிள்ளைகள் நகரத்துக்கு வந்துவிட்டார்கள், என்றைக்காவது விற்கத்தான் வேண்டும். ஒரு அறுவடையாவது பொறுத்திருக்கலாமே என்றுதான் தலை வாரிவிடும்போதெல்லாம் சொல்கிறார். அந்த ஒரு அறுவடையை அவருக்கு யாராலும் திருப்பித் தர முடியவில்லை. சின்னவன் துக்கத்தில் இல்லை, கோபத்தில் இருக்கிறான். இரண்டிலும் எடுக்கிற முடிவு ஒரே மாதிரிதான் போய் முடிகிறது.

பெரியப்பா காட்டுக்குப் போகும் வழித்தடத்தை அடைத்த அன்று தொடங்கியதுதானே இந்தப் பேச்சு? அதற்கு முன்பு அவன் கனடா என்று வாய் திறந்ததே இல்லை. வெளியாளுக்கு விற்றால் அந்தச் சண்டை நம் கையை விட்டே போய்விடும். அப்புறம் பெரியப்பாவே மனசு மாறினாலும் பேச இடம் இருக்காது. அவன் ஒரு நாள் பெரியம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வரட்டும். வழியைப் பற்றி அன்றைக்குப் பேசவே வேண்டாம்.

காய்ப்பு குறைந்ததையும் அவன் பெரிதாகச் சொல்கிறானாம். அரபிகா ஒரு வருஷம் கொட்டிக் கொடுத்தால் மறு வருஷம் சோர்ந்துபோகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். போன வருஷம் களம் நிறையப் பழம் காய்ந்ததை அவனுக்கு நினைவுபடுத்துங்கள். ஒரு வருஷக் கணக்கில் காட்டை எடைபோடக் கூடாது, இரண்டு வருஷத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கன்று வைத்துக் காய்ப்புக்குக் கொண்டுவர மூன்று நாலு வருஷம் ஆகிறது. ஆயா காலத்துச் செடியை விற்க ஒரு நாள் போதும். தண்டு துளைக்கும் வண்டு பறக்கத் தொடங்குவதற்குள், இந்த மாதத்துக்குள்ளேயே, செடி செடியாகப் பார்த்துப் புழு விழுந்ததைப் பிடுங்கி எரிக்கச் சொல்லுங்கள். கையில் வேலை இருந்தால் கோபம் கொஞ்சம் தணியும்.

முகவர் ஒன்பது லட்சம் கேட்கிறார் என்று படித்ததும் பதறிவிட்டது. நம் நாட்டில் 1983-இல் வந்த குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பலாம். அவரும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் கட்டணமாக வாங்கலாம். பதிவு இருக்கிறதா என்று அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். இந்த மானிடோபா மாகாணத்திலோ, வேலை வாங்கித் தருவதற்கு வேலைக்கு வருபவரிடம் காசு கேட்கவே கூடாது என்று 2009 முதல் சட்டம் இருக்கிறது. ஒன்பது லட்சம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பாஸ்போர்ட்டையும் கொடுக்க வேண்டாம்.

நான் கிளம்பும் முன் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டீர்களே அப்பா: என்ன வேலை, சம்பளம் யார் கொடுப்பார், முதல் ராத்திரி எங்கே படுப்பாய் என்று. மூன்றுக்கும் பதில் வரும்வரை நீங்கள் சரி என்று சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இங்கே வந்து இறங்கிய ராத்திரியில் கையில் முகவரிச் சீட்டு இருந்ததே, அது உங்கள் கேள்வியால் வந்தது. அதே மூன்றையும் அவனிடமும் கேளுங்கள். பதில் முகவர் வாயிலிருந்து வரக் கூடாது, அவன் வாயிலிருந்து வர வேண்டும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் கொலுசுப் பட்டறையில் ஆறு மாதம் வேலைக்குப் போகட்டும். மலையிலிருந்து தினம் இறங்கி ஏற வேண்டாம், அங்கேயே தங்கட்டும். அடுத்தவர் வீட்டில் படுத்து, சொந்தச் சம்பாத்தியத்தில் சாப்பிட்டு, வீட்டு நினைப்பு வரும்போது என்ன செய்கிறான் என்று அவனே பார்த்துக்கொள்வான். அதற்குப் பிறகும் வெளிநாடு என்றால், நானே முன்னின்று வழி பார்க்கிறேன். ஆங்கிலப் பரீட்சைக்கு இப்போதே படிக்கத் தொடங்கலாம். வராவிட்டாலும் அது வீண் போகாது.

பூ மழை பெய்ததா? எழுதவே இல்லையே. மழை பெய்த பிறகு காடு முழுக்க வெள்ளையாகப் பூத்து, வாசலைத் திறந்தால் அந்த வாசனை வருமே... இங்கே ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெள்ளைதான், எந்த வாசனையும் இல்லை. பூத்ததும் சின்னவனை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆயா நடுவில் நிற்கட்டும்.

மற்ற விஷயங்கள். இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளிப் போகும், அதற்காக யாரிடமும் கைமாற்று வாங்க வேண்டாம். சங்கத்தில் இருக்கும் நகைக்கடனுக்கு வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள், அசலை நான் பார்த்துக்கொள்கிறேன். பாப்பாவின் காது குத்தைச் சேர்வராயன் கோயில் திருவிழாவோடு வைகாசியில் வைத்துக்கொண்டால் சொந்தக்காரர்கள் ஒரே வரவில் வந்து போவார்கள். பத்திரிகையில் பெரியப்பா பெயரை எப்போதும் போல முதலில் போடுங்கள். அப்பாவின் கண் ஆபரேஷனை மழைக்காலம் வரை தள்ள வேண்டாம். கீழ்க்காட்டுப் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறதா? வில்லங்கச் சான்று ஒன்று போட்டு, பட்டா நகலோடு படம் பிடித்து அனுப்புங்கள். சின்னவனை ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள், நான் தூங்காமல் இருப்பேன்.

உங்கள் அன்பு மகள்,
பெரியவள்