ஜெம்ஸ் கணக்கு

பாப்பா,

மேஜிக் அரீனா கார்டு ஆட்டத்தில், கார்டை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஆடும் அந்தப் பிரீமியர் டிராஃப்ட் போட்டிக்குள் இனி அவசரப்பட்டு நுழையாதே. "இன்னிக்கும் ரெண்டு வின்தான்பா" என்று ஒரு வரி அனுப்பினாய், அதோடு பேச்சைக் காணோம், சரி என்று நானே பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். சொசைட்டியில் வட்டிக் கணக்குப் பார்த்தே தலை நரைத்தவனுக்கு இது பெரிய வேலையா என்ன?

நுழைய 1500 ஜெம்ஸ், அதாவது அந்த ஆட்டத்துக்குள் செல்லும் காசு. மூன்று தோற்றால் வெளியே, ஏழு ஜெயித்தால் 2200. ஆனால் இரண்டோடு நின்றால் 250தான், மூன்றுக்கு 1000, போட்டதை எடுக்கவே ஐந்து ஜெயிக்க வேண்டும். பாதிக்குப் பாதி ஜெயிக்கிறவளுக்கு இரண்டுக்குள் முடிந்துபோகிற வாய்ப்பு மட்டுமே சரிபாதி வருகிறது, சராசரியாக 820 போலத் திரும்பும். அதே ஆட்டத்தின் குயிக் டிராஃப்ட் போட்டியில் 750 போட்டால், அதே கணக்கில் சராசரியாக 350 திரும்புகிறது. அதுவும் நஷ்டம்தான், ஆனால் 400 ஜெம்ஸோடு போகிறது. எடுத்த கார்டு இரண்டிலும் நமக்குத்தான். குயிக்கில் நம்மோடு உட்கார்ந்து கார்டு எடுப்பது மனிதர்கள் இல்லை, கம்ப்யூட்டர் பாட் என்பதால் கடிகாரமும் விரட்டாது, யோசித்து எடுக்கலாம்.

மாமா வந்திருந்தார். பணம் கட்டி ஆடுகிற ஆட்டத்தையெல்லாம் தடை பண்ணி 2025இல் சட்டம் வந்ததே, இவள் ஆடுவது என்ன என்று கேட்டார். இதில் ஜெயிக்கிற ஜெம்ஸைக் காசாக மாற்ற முடியாது, ரம்மியோடு சேர்க்காதீர்கள் என்றேன். தரவரிசையில் பிளாட்டினம் வரை போயிருக்கிறாள் என்றும் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் ஜெம்ஸைக் காசு கொடுத்து வாங்குகிறாயா என்ன? வேண்டாம். ஜெம்ஸுக்குப் பதிலாகக் கோல்டு கட்டியும் நுழையலாமே. தினமும் ஆட்டத்தில் வருகிற குவெஸ்ட் வேலையை முடித்தால் 500, சில நாள் 750 கோல்டு, பத்து நாளைக்குள் 5000 சேர்ந்துவிடும், ஒரு குயிக் டிராஃப்ட்டுக்கு அது போதும். கோல்டில் மட்டும் ஆடு. தோற்ற கையோடு அடுத்ததில் நுழையாதே. ஒரு டிராஃப்ட்டை இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி ஆடலாம் என்று நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய், அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன அவசரம்?

அரீனாவில் என்னையும் நண்பர் பட்டியலில் சேர்த்தாய் அல்லவா, நீ உள்ளே இருப்பது எனக்குத் தெரிகிறது. செவ்வாய், புதன்கிழமை காலை பதினோரு மணிக்கும் இருக்கிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்றால் நடுவில் ஓய்வு கிடைக்கும், தெரியும். ஆனால் முன்பெல்லாம் மேனேஜரைத் திட்டவாவது போன் பண்ணுவாய், இப்போது அதுவும் இல்லை. படிக்கும்போதும் இப்படித்தான், மார்க் குறைந்தால் ஒரு வாரம் வாய் திறக்க மாட்டாய்.

தோப்புப் பத்திரம் முடிந்தது. பெரியப்பா வந்து கையெழுத்துப் போட்டார், போட்டுவிட்டுச் சாப்பிடவும் செய்தார், நம்புவாயா? உன் பங்கை உன் கணக்கில் போடச் சொல்கிறாள் அம்மா. வாடகைக்கோ எதற்கோ எடுத்துக்கொள், கணக்குக் கேட்க மாட்டேன். பிரீமியருக்கு மட்டும் வேண்டாம்.

அம்மா புனேக்கு டிக்கெட் போடச் சொல்லி நச்சரிக்கிறாள். நாங்கள் வார நாளில் வந்தால் நீ லீவு போட வேண்டியிருக்குமா, இல்லை தேவையில்லையா? அதை மட்டும் எழுது, எந்த நாளுக்குப் போடுவதென்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா