வாடைக்கு முன்னர் முகத்துவாரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் அம்பாறை மாவட்டத்துக் கோமாரியில் கரைவலை இழுப்பவன். போன வெள்ளிக்கிழமை வலையின் மடியை அவிழ்த்தபோது கீரிமீனோடு வேப்பங்கொட்டை அளவில் கறுப்பு உருண்டைகள் கிடந்தன. நசுக்கினால் தார். கையில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத்தான் எடுத்தோம். வலைக்கண்ணில் பிடித்தது போகவே இல்லை. இரண்டு பாகம் வலையை வெட்டி எறிந்தேன். வியாபாரி மீனை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

ஏதோ கப்பல் கழுவிவிட்ட கழிவாக இருக்கலாம். எனக்கோ 2020 செப்டெம்பர் நினைவுக்கு வந்தது. சங்கமன்கண்டிக்கு நேரே கடலில் ‘நியூ டயமண்ட்’ கப்பல் சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் சுத்திகரிக்காத மசகு எண்ணெயோடு தீப்பிடித்து எரிந்தது. ஒரு மாலுமி இறந்துபோனார். கப்பலின் டீசல் கசிந்து படலமாகப் பரவியது. மசகு எண்ணெய் கடலில் கொட்டாமல் தப்பினோம். தீயை அணைத்தவர்களை நாங்கள் மறக்கமாட்டோம். ஆனால் அது கச்சான் காலம். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும்.

மார்கழியில் அப்படி நடந்தால்? வாடைக்காற்று கடலில் மிதப்பதையெல்லாம் கரைக்குத் தள்ளும். அந்த நேரம்தான் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரமும் திறந்திருக்கும். வெயில் காலத்தில் மணல் மூடிக் கிடக்கும் வாய் மழைவெள்ளத்தில் தானாக உடையும். இல்லையென்றால் வயல் மூழ்காமலிருக்க வெட்டிவிடுவார்கள். வெள்ளம் பாயும்வரை களப்புத் தண்ணீரே எல்லாவற்றையும் வெளியே தள்ளும். அப்புறம் கடல் உள்ளே ஏறும். எண்ணெயும் ஏறும்.

மணற்கரை என்றால் வாரி எடுக்கலாம், மிச்சத்தை அலை கழுவும். களப்புச் சேற்றை யார் கழுவுவது? கண்டல் மரம் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேரால் மூச்சு விடுகிறது. அதில் எண்ணெய் அப்பினால் மரம் பட்டுப்போகும். அந்த வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. 1986இல் பனாமா நாட்டில் கரையிலிருந்த எண்ணெய்த் தாங்கி உடைந்து கண்டல் காட்டுக்குள் எண்ணெய் போனது; ஐந்து வருடம் கழிந்தும் சேற்றிலிருந்து கசிந்துகொண்டே இருந்ததாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் சொன்னாள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. வாடையில் வலை போட முடியாத நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பெரிவது களப்பை நம்பித்தான்.

தார் உருண்டைகளைப் போத்தலில் போட்டு ஒரு அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். தங்கள் வேலை இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் எழுதித் தரச் சொன்னார்கள், கொடுத்தேன். யாரும் வந்து பார்க்கவில்லை.

அதிகாரிகளே, ஐப்பசி முடிவதற்குள் பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு பாலமீன்மடு வரை ஒவ்வொரு முகத்துவாரத்துக்கும் பக்கத்தில், எண்ணெயை மறிக்கும் மிதவைத் தடுப்புகளைக் கொண்டுவந்து வையுங்கள். எங்கள் மீனவர் சங்கப் பொடியன்களுக்கு அதைக் கட்டப் பழக்குங்கள். ஓட்டம் வேகமாக இருக்கும்போது நேர்குறுக்கே கட்டினால் எண்ணெய் அடியால் போய்விடும், சாய்த்துக் கட்ட வேண்டும். ஓட்டம் எப்போது திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதோடு, கடலில் எண்ணெயைக் கண்டால் யாருக்குச் சொல்வது என்று ஒரு தொலைபேசி இலக்கம் தாருங்கள், வாடிக் கதவில் எழுதி வைக்கிறோம்.

போத்தல் வாடியில்தான் இருக்கிறது. வந்து கேட்டால் தருகிறேன்.

கரைவலைத் தொழிலாளி,
கோமாரி.