எட்டு எழுத்துக்கு மேல் எண்ணாத பூட்டு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். சிறுபோக நெல் சங்கத்துக்கு வந்து குவிந்துகொண்டிருப்பதால், ஓய்வுபெற்ற இந்தக் கணித ஆசிரியைக்கு ஓய்வுதான் கிடைக்கவில்லை.

பரந்தன் வீட்டிலிருந்தபடியே கிளிநொச்சியில் உள்ள சங்கக் கணினியைத் திறந்து கணக்குப் பார்ப்பதற்கு, சென்ற ஆண்டு வந்தபோது வீ.என்.சி மென்பொருளை நிறுவித் தந்தாய் அல்லவா? சென்ற செவ்வாய்க்கிழமை அதற்குரிய கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருக்கையில், முற்றத்தில் காயப்போட்டிருந்த ஒடியலில் மாடு வாய் வைப்பதைக் கண்டு, கை தவறிப் பாதியிலேயே என்டரை அழுத்திவிட்டு எழுந்து ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் சங்கக் கணினியின் திரை என் முன்னே திறந்து கிடந்தது.

மறுபடி முறைப்படி சோதித்தேன். ஆங்கில எழுத்தில் கிளிநொச்சி, பிறகு நீ பிறந்த 1991, கடைசியில் ஒரு குறியீடு என மொத்தம் 16 எழுத்துகள் வைத்திருந்தாய். (மாற்றிவிட்டதால்தான் இங்கே எழுதுகிறேன்.) குறியீட்டை விட்டுப் பார்த்தேன், திறந்தது. ஆண்டை விட்டேன், திறந்தது. ஊர்ப்பெயரின் கடைசி மூன்று எழுத்துகளையும் விட்டேன், அப்போதும் திறந்தது. இன்னும் ஓர் எழுத்தைக் குறைத்து ஏழாக்கியபோதுதான் மறுத்தது. நீ கவனமாகச் சேர்த்த எண்ணும் குறியும் ஒரு நாளும் கணக்கில் இருந்ததில்லை. ஊர்ப்பெயரின் முதல் எட்டு எழுத்துகள்தான் நமக்கிருந்த பூட்டு.

தேடி வாசித்ததில் காரணம் விளங்கியது. வீ.என்.சியின் பழைய முறையில், சேவையகம் 16 பைட் நீளமான ஓர் எழுமாற்று எண்ணை அனுப்பும். நம் பக்கம் கடவுச்சொல்லையே சாவியாகக் கொண்டு டெஸ் என்ற பழைய மறையாக்க முறையில் அதை மறையாக்கித் திருப்பி அனுப்பும். டெஸ் சாவிக்குள் எட்டு பைட்டுக்கு மேல் அடங்காது என்பதால் மிச்சத்தை மென்பொருள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெட்டிவிடுகிறது. எனக்கு ஆத்திரம் வந்தது அந்த மௌனத்தில்தான். நீளம் போதாது என்றாவது, மிஞ்சியதை எடுக்கமாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். 1998 இலேயே அமெரிக்காவில் இதற்கென்றே ஓர் இயந்திரம் கட்டி 56 மணித்தியாலங்களில் டெஸ் சாவி ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறார்கள். இந்த நெறிமுறையை விவரித்து 2011 இல் வெளியான ஆவணமும், இம்முறை வலுவற்றது, நம்பகமில்லாத வலையமைப்புக்கு உரியதன்று என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. சிற்றெழுத்துகளால் மட்டும் எட்டு எழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 20,882 கோடி ஆக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஊர்ப்பெயரைச் சாவியாக வைத்தவனுடைய பூட்டைத் திறக்க அவ்வளவு பாடு எதற்கு? இலங்கை வரைபடம் ஒன்று போதுமே.

இதைவிட என்னை உறுத்துவது, ரொறன்ரோவிலிருந்து நீயும் பார்க்க வேண்டும் என்று ரௌட்டரில் 5900 ஆவது போர்ட்டை, அதாவது வீ.என்.சிக்குரிய வாசலை, வெளியே திறந்து வைத்திருப்பது. படலையைப் பூட்டிவிட்டு வேலியில் பொட்டு விட்ட கதைதான் அது. உள்ளே வந்த பிறகும், பழைய முறையில் திரையில் தெரிவதும் நாம் தட்டுவதும் மறையாக்கமின்றியே போகின்றன என்று அறிந்தேன். உறுப்பினரின் வங்கிக் கணக்கிலக்கங்கள் இருக்கும் கணினி அது. ஆகவே இப்போதைக்கு எழுமாற்றாக எட்டு எழுத்துகளைத் தெரிவுசெய்து வைத்திருக்கிறேன். அவை அலுமாரியில் உள்ள கொப்பியில் இருக்கின்றன, தொலைபேசியில் கேட்காதே. வெளியிலிருந்து வரும் வழியையும் அடைத்துவிட்டேன்.

இனி நாம் இருவருமே எஸ்.எஸ்.எச் சுரங்கம் என்னும் மறையாக்கப்பட்ட இணைப்பின் ஊடாக மட்டும் நுழையவும், வீ.என்.சி அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புக்கு மாத்திரம் செவிசாய்க்கவும் ஏற்பாடு செய்து தர வேண்டும். சாவிக் கோப்பை எப்படி உருவாக்குவது என்று சொல், நானே செய்கிறேன். ஞாயிறு இரவு 8 மணிக்குச் சங்கத்தில் இருப்பேன். உனக்குக் காலை 10.30.

இன்னொன்று. பழைய முறையில் வீ.என்.சி தன் கடவுச்சொல்லைச் சேமித்து வைப்பதும் ஊரறிந்த ஒரே நிலையான சாவியால்தான்; சேமித்தது கையில் கிடைத்தவர் எவரும் அதைப் படித்துவிடலாம். அந்தப் பழைய சொல்லையே உன் மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பாய் என்று உன் பழக்கத்தை அறிந்த எனக்குச் சந்தேகம். அப்படியானால் ஞாயிறு வரை காத்திராமல் இன்றே மாற்று.

அன்புடன்,
அம்மா